எல்லைப் பலகைக்கு இந்தப் பக்கம்

பாறைமலைத் தோட்டம், மேல் லைன்,
ரிங்லெட், கேமரன் மலை.
3 மார்ச் 2024

உஷா,

சுகமா என்று போனில் கேட்டிருப்பேன். நீதான் பொங்கலிலிருந்து என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாயே. அதனால் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது, "மீட்டிங் இருக்கிறது" என்று வைக்கவும் முடியாது. தபால் தலை கேட்டபோது கவுண்டர் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இந்தக் காலத்திலும் கடிதம் எழுதும் பைத்தியம் எந்த லைனில் இருக்கிறது என்று யோசித்திருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மாதத்தோடு தொழிற்சாலையில் என் வேலை முடிகிறது. வேலை போனால் தோட்டம் கொடுத்த இந்த லைன் வீடும் போகும், உனக்குத் தெரிந்ததுதான். யோகேஸ் லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டுகிறான். என் மகனானாலும் அவன் தோட்டத்து ஆள் இல்லை, அவன் பெயரில் வீடு தரமாட்டார்கள். ஆனால் தோட்டத்தை வாங்கிய புதிய கம்பெனி, ஓய்வு பெறுகிறவர்களுக்கென்று கீழ்ச்சரிவில் வீடுகள் கட்டியிருக்கிறது. தாமான் மெலூர் என்று பெயர். எனக்கும் ஒன்று கிடைக்கும் என்று நம்பி, திரைச்சீலைக்குத் துணிகூடப் பார்த்து வைத்தேன்.

போன வாரம் வீட்டுக் குழுவிலிருந்து கூப்பிட்டார்கள். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருஸ்ஸமான் பாயின் மகன் சைஃபுல்தான் அங்கே மனுக்களைப் பார்க்கும் கிராணி. என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவன் முகம் சுண்டிவிட்டது.

"அக்கா, ஒங்க ஐசி நம்பர்ல நடுவுல எட்டு இருக்கு. எட்டுன்னா பேராக் மாநிலம். இந்த வீடு பகாங்ல பொறந்தவங்களுக்கு மட்டும்னு குழு ரூல் போட்டிருக்கு லா. நம்ம மலை இருக்கிற பகாங்னா ஆறு வரணும்."

"தம்பி, கீழ தாப்பா ஆஸ்பத்திரில பொறந்தேன், முப்பது கழிஞ்சதும் மேல தூக்கிட்டு வந்துட்டாங்க. அதுக்கப்புறம் இந்த மலைய விட்டு நான் எங்க போனேன்?"

"எனக்குத் தெரியும்கா. நீங்க ஊத்துன டீயக் குடிச்சு வளந்தவன் நானு. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே லா."

மேல் லைனில் யாரைக் கேட்டாலும் எட்டுதான் உஷா. நமக்கு முன்னால் பிறந்த அண்ணன் இந்தக் குளிரில் உடம்பு நீலம் பாரித்துப் போன பிறகு, அம்மா இங்கே பெறவே கூடாது என்று முடிவு செய்தாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கிய கையோடு லோரியில் ஏற்றித் தாப்பாவுக்கு இறக்கிவிடுவார்கள். பிள்ளையோடுதான் மேலே வரவேண்டும். கீழே பெற்றால் பிள்ளை தங்கும் என்பது நம் லைனின் சட்டம்.

நீ ஒருத்திதான் தப்பிப் பிறந்தவள். அந்த வருஷம் மழையில் சாலை சரிந்து, அம்மாவை இறக்க வழியில்லாமல், மருத்துவச்சி மணியம்மா வந்து அடுப்புப் பக்கத்தில் வைத்து உன்னைப் பிடித்தாள். அதனால் நீ ஆறு. மலையை விட்டுப் போய் இருபத்தைந்து வருஷமாகக் குவாந்தானில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் நீ மலைக்காரி. இங்கேயே கிடக்கும் நான் வெளியூர்க்காரி. சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

உன் பெயரில் ஒரு மனு போடு. என்னோடு இதே வீட்டில் இருப்பதாக எழுதினால் போதும். ஒரே ஒரு கையெழுத்து. பொங்கலன்று நான் பேசியதை மனதில் வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்லாதே.

அக்கா சாரதா

*

குவாந்தான்
16 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன்.

என்னால் முடியாது. பொங்கலன்று பேசியது காரணம் இல்லை. எனக்கு இங்கே அரசாங்கக் கடனில் வாங்கிய வீடு இருக்கிறது. மனுவில் வேறு வீடு இல்லை என்றும், அந்த முகவரியில் வசிக்கிறேன் என்றும் உறுதிமொழி கொடுக்கவேண்டும். இரண்டும் பொய். நான் நில அலுவலகத்தில் வேலை செய்கிறவள்; இப்படிப்பட்ட பொய்களைத்தான் தினமும் மேசையில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொண்டால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். இதைச் சொல்லும்போது உனக்கு நான் எப்படித் தெரிகிறேன் என்று எனக்குத் தெரியும்.

நீ இங்கே வந்துவிடு. பின்னறை காலியாகத்தான் இருக்கிறது. யோகேஸும் உன் மருமகள் வாணியும் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

குழுவுக்கு ஒரு விளக்கம் எழுதலாம் என்றிருக்கிறேன். அலுவலகக் கண்காட்சிக்காகப் போன வருஷம் கேமரன் மலையின் குடியேற்ற வரலாற்றை எழுதியது நான்தான். தனி மாவட்டமாக ஆவதற்கு முன்னால் நம் மலை பகாங்கின் லிப்பிஸ் மாவட்டத்தில் ஒரு மூலை. நம்மை ஆண்ட அலுவலகம் லிப்பிஸில் இருந்தது. நமக்கு இருந்த சாலையோ தாப்பாவுக்குப் போனது. லிப்பிஸுக்குப் போவதென்றால்கூடத் தாப்பாவில் இறங்கிச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். பிறப்புக்கும் சாவுக்கும் உப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் பேராக்குக்குத்தான் இறங்கினோம். அட்டையில் இருக்கும் எட்டு நாம் எங்கிருந்து வந்தோம் என்று சொல்லவில்லை, சாலை எங்கே போனது என்றுதான் சொல்கிறது. இதைப் புரியும்படி எழுதினால் கேட்பார்கள்.

உஷா

*

மேல் லைன்
5 ஏப்ரல் 2024

உஷா,

"கடிதம் கிடைத்தது" என்று தொடங்குகிறாய். கீழே கோப்பு எண் போட மறந்துவிட்டாயா?

பின்னறைக்கு நான் வரமாட்டேன். அம்மா சாவுக்கு வந்திருந்தபோதே உன் மகள் "இந்த வீட்ல எப்பிடித்தான் இருக்கீங்க பெரியம்மா" என்று கேட்டாள். அதையே நான் உன் வீட்டில் நின்று கேட்கவேண்டி வரும். ஒரு தடவை வந்து தங்கினேனே, வியர்வையில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டு, நான்கு சுவருக்குள்ளே மாலை எப்போது வரும் என்று காத்துக்கொண்டு. வேண்டாம். வாணிக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. இந்த நேரத்தில் அவளை வாடகை வீட்டில் தள்ளிவிட்டு நான் உன் வீட்டு டிவி பார்ப்பேனா?

உன் விளக்கம் வந்து சேர்ந்ததாம். சைஃபுல் சொன்னான். நன்றாக இருக்கிறது, குழுவில் எல்லோரும் படித்தார்கள், ஒருத்தர் நகல்கூடக் கேட்டாராம். "பெரிய எழுத்துக்கா, நானே இப்பத்தான் இதெல்லாம் தெரிஞ்சிக்கிட்டேன்" என்றான். பிறகு என்ன முடிவு என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான். "ஹிஸ்டரி வேற, ரூல் வேற லா அக்கா."

நான் படிப்பை விட்டு மலையேறிக் கொழுந்து பறித்ததால்தான் நீ அதிகாரி ஆனாய் என்று பொங்கலன்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் பொய்யும் இல்லை. அந்தக் கொழுந்துக்கு ஒரு கையெழுத்து கேட்டேன், அவ்வளவுதான். நீ வரலாறு எழுதி அனுப்புகிறாய். அதைக் கொளுத்தி நான் குளிர் காயவா?

வளையல் அடுக்கியதும் வாணியைத் தாப்பாவுக்கு இறக்கவேண்டும். அதுவரை எனக்கு வேலை இருக்கிறது. இனி எழுத நேரம் இருக்காது.

சாரதா

*

குவாந்தான்
21 ஏப்ரல் 2024

அக்கா,

நீ எழுதாவிட்டால் போ, நான் எழுதுகிறேன். கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு இதைக் கவனமாகப் படி. யோகேஸையும் படிக்கச் சொல்.

சைஃபுலோடு போனில் பேசினேன். செப்டம்பரில் மிச்சமிருக்கும் வீடுகளுக்கு இரண்டாம் சுற்று உண்டாம். அதற்கு விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள். மனு போடுகிறவர் எங்கே பிறந்திருந்தாலும், அதே வீட்டில் வசிக்கும் குடும்பத்தில் ஒருவராவது பகாங்கில் பிறந்திருந்தால் போதும். நான் எண்ணிப் பார்த்தேன். நீ எட்டு. யோகேஸ் எட்டு. வாணி பீடோர்க்காரி, அவளும் எட்டு. வாணியின் வயிற்றில் இருப்பதற்கு இன்னும் எண் இல்லை.

குழந்தைக்கும் பிறந்த கையோடு எண் கொடுக்கிறார்கள். நீ சொன்ன மாதக் கணக்குப்படி ஆகஸ்ட் கடைசியில் பிறக்கும். வாணியைக் கீழே இறக்காதே அக்கா. மலையிலேயே தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பெறட்டும். குழந்தை ஆறாகப் பிறந்தால் வீடு உங்களுக்கு உண்டு.

பிறக்காத குழந்தையை வீட்டுக்காக நிற்க வைக்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. தேடாமல் இல்லை.

அம்மாவின் பயம் எனக்கும் தெரியும். ஆனால் இப்போது ஹீட்டர் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். நானும் அந்த லைனில்தான் பிறந்தேன், செத்துப் போகவில்லையே. உன் நம்பருக்குப் போட்ட அடைப்பை எடுத்துவிட்டேன், கூப்பிடலாம்.

உஷா

*

மேல் லைன்
14 ஜூன் 2024

அடியே உஷா,

கூப்பிடலாம் என்கிறாய். எனக்கென்னவோ இப்படி எழுதுவதே பிடித்துப் போய்விட்டது. போனில் நாம் இரண்டு பேரும் சண்டைக்காரிகள்.

நீ சொன்னபடியே ஆகட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். முடிவு செய்ய எனக்குப் பல நாள் பிடித்தது. அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "கோவிச்சுக்காதம்மா, ஒரே ஒரு தடவ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வளையல் அடுக்கினோம். லோரி வரவில்லை. வளையலோடு ஒரு பெண் லைனிலேயே நிற்பதை யாரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது. வாணியின் அம்மா பீடோரிலிருந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். "வீட்டுக்காகப் புள்ளைய வெச்சு வெளையாடுறீங்க" என்றாள்.

லைன் முழுக்க இப்போது வாணிக்குக் காவல். வயிற்றுப் பிள்ளைக்குத் "துரை" என்று பெயர் வைத்துவிட்டார்கள். வீடு கொடுக்கப் போகிறவர் துரைதானே. காலையில் வாசலில் நின்று "தொர எந்திரிச்சாச்சா" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். வாணியும் சிரிக்கிறாள். ஆனால் நான் பார்க்கவில்லை என்று நினைக்கும்போது கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்துக்கொள்கிறாள். ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது என்று நர்ஸ் சொன்னாள். உப்பைக் குறைத்துவிட்டேன். கருவாட்டைக் கண்ணில் காட்டுவதே இல்லை.

தாமான் மெலூரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்று அறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நான் முதன்முதலில் கொழுந்து பறித்த சரிவு தெரிகிறது. வாணி உள்ளே போய்த் தொட்டில் எங்கே கட்டுவது என்று உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசைப்படாதே என்று சொல்ல நினைத்தேன். அந்த நேரம் நானும் அடுப்பு எங்கே வைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயமாக இருக்கிறது உஷா. வீட்டுக்கா, பிள்ளைக்கா என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா

*

குவாந்தான்
27 ஜூலை 2024

அக்கா,

நேற்றுப் போனில் வாணியின் குரலே சரியில்லை. தலைவலி என்கிறாள், கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள். போனில் நீ பிடி கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. டாக்டர் கீழே போகச் சொன்னால் போய்விடு, ஒரு நிமிஷமும் யோசிக்காதே. ஆறும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் சொல்லித்தான் அவளை மேலேயே வைத்திருக்கிறாய்.

இன்னொன்று. உன்னிடம் முடியாது என்று சொன்ன அந்த மனுவைப் பூர்த்தி செய்துவிட்டேன். மேல் லைன் முகவரி போட்டு, வேறு வீடு இல்லை என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டேன். கைப்பையில் இருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கு நானே கொண்டு வந்து கொடுக்கிறேன். கண்டுபிடித்தால் பிடிக்கட்டும். நீ பறித்த கொழுந்துக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். அதற்குள் ஒன்றும் ஆகாமல் இருக்கவேண்டும்.

உஷா

*

தாப்பா
9 ஆகஸ்ட் 2024

என் தங்கச்சி,

நீ வந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நாம் நின்ற நேரத்தில் இதையெல்லாம் பேச முடியவில்லை. நீயும் கேட்கவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தைத் தோட்டத்துக் கிராணி கொண்டு வந்து கொடுத்த அன்றே வாணியைத் தானா ராத்தாவுக்குக் கொண்டு போனேன். டாக்டர் அழுத்தத்தைப் பார்த்ததும் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, கீழே போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அதை மட்டும் நீ நம்பவேண்டும். ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கூட வந்த நர்ஸ் ஷஹீதா, நம் ரிங்லெட் டவுன் பெண்தான். மத்தியான மழை. ரிங்லெட் தாண்டியதும் வாணிக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. ஷஹீதா கையுறையைப் போட்டுக்கொண்டு, "முக்காதீங்க வாணி, மூச்சு மட்டும் விடுங்க" என்றாள்.

பகாங் முடிந்து பேராக் தொடங்கும் எல்லைப் பலகை எந்த வளைவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை முறை அந்த வழியாக லோரியில் போயிருக்கிறேன். பலகை இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா உஷா? "முக்கு வாணி" என்றேன். ஷஹீதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாவம், அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாணிக்கு விளங்கியது. வலியோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முக்கவும் செய்தாள். அந்தப் பார்வையை இந்த ஜென்மத்தில் நான் மறக்கமாட்டேன்.

பலகை போய்விட்டது. மழைத் தண்ணீர் வழியும் ஜன்னலில் பச்சையாகத் தெரிந்து பின்னால் போனது. அடுத்த வளைவில் பிள்ளை வந்தது. பெண். அழவில்லை. அண்ணனைப் பற்றி அம்மா சொல்வாளே, அதே நீலம்.

ஷஹீதா என்னென்னவோ செய்தாள். செய்துகொண்டே, நேரமும் இடமும் எழுதவேண்டும் என்று டிரைவரிடம் எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்டாள். மழையில் தெரியவில்லை என்றார் அவர். அவள் என்னைக் கேட்டாள், "ஆண்ட்டி, பலகை தாண்டிட்டமா? நான் பாக்கல. நீங்க சொல்றதத்தான் எழுதணும்."

நான் சொல்வதைத்தான் எழுதப் போகிறாள். "இல்லை" என்று ஒரு சொல் போதும். உன்னிடம் எவ்வளவு சுலபமாகப் பொய் கேட்டேன். எனக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. பொய் சொன்னால் பிள்ளை அழாது என்று பட்டது. யாரோ மேலே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. "தாண்டிட்டோம் தாயி, தாண்டிட்டோம். எட்டுன்னே எழுது. நீ அழ வை, மொதல்ல அழ வை" என்று கத்தினேன்.

அதற்கப்புறம்தான் அழுதது. அது ஷஹீதாவின் கையால் வந்த அழுகை, என் வாயால் வந்தது இல்லை. தெரிந்துதான் சொல்கிறேன்.

நேற்றுக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாணிக்கும் அழுத்தம் இறங்கிவிட்டது. என்னோடு பேசுகிறாள், தேவையானதை மட்டும் பேசுகிறாள். பிறப்புப் பதிவு இன்று காலையில் வந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. எண் வந்துவிட்டது. நடுவில் எட்டு.

சைஃபுல் போன் செய்தான். பிள்ளை சுகமா என்று கேட்டான். பலகை தாண்டியதை நானே சொல்லிவிட்டேன். "அல்லாஹ், ஒரே ஒரு வளவா அக்கா?" என்றான். ஆமாம் தம்பி, ஒரே ஒரு வளைவு என்றேன். மேல்முறையீடு எழுதித் தருகிறேன் என்றான். எழுதட்டும். நல்ல பையன், எழுதினால் அவன் மனசாவது ஆறும்.

உன் மனுவைக் கிழித்துப் போடு. கிழித்துவிட்டேன் என்று சும்மா எழுதாதே, துண்டுகளை எனக்கு அனுப்பு. ஒரே ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதை நீ கையெழுத்துப் போட்டுச் சுமக்கவேண்டாம். பொங்கலன்று நான் சொன்னதும் இதோடு தீர்ந்தது.

வாணியின் அம்மா எங்கள் எல்லோரையும் பீடோருக்கு வரச் சொல்லிவிட்டாள். பக்கத்திலேயே சின்னதாக ஒரு வீடு இருக்கிறதாம். யோகேஸ் அங்கே லோரி வேலை பார்த்துக்கொள்வான். மாதக் கடைசியில் லைன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்குகிறோம். அட்டையில் இவ்வளவு காலம் பொய்யாக இருந்தது இனிமேல் உண்மை. நாங்கள் பேராக்காரர்கள். குழு சொன்னது சரியாகப் போயிற்று.

அம்மா படத்தையும், நீ பிறந்த அந்த அடுப்புப் பக்கத்துப் பலகையையும் எடுத்துக்கொள்கிறேன். மற்றதை லைனில் யாராவது எடுத்துக்கொள்ளட்டும். திரைச்சீலைக்குத் துணி வாங்காதது நல்லதாகப் போயிற்று.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதற்குக் கையெழுத்து எதுவும் வேண்டாம். மலையில் பிறந்ததற்கு அத்தாட்சி உள்ளவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். வருஷத்துக்கு ஒரு முறையாவது மேலே போ. மேல் லைனில் நம் வீடு இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா. யாராவது உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், அட்டையை எடுத்துக் காட்டு.

அக்கா